32 வயதில் தற்காப்புக் கலை: தருமபுரியில் எதில் சேரலாம்?

கடைசிபஸ் | ஞாயிறு, இரவு 9.50

வணக்கம். எனக்கு 32 வயது. தருமபுரி நான்கு ரோடு பக்கம் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வீடு பென்னாகரம் சாலையில், ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளி. இரவு பஸ்ஸைவிட்டு இறங்கினால் பத்து நிமிடம் இருட்டில் நடக்க வேண்டும். போன மாதம் ஒரு பைக் என்னைத் தாண்டிப் போய், வேகத்தைக் குறைத்து, திரும்பி வந்தது. எங்கோ நாய் குரைத்தது, அவர்கள் போய்விட்டார்கள். நடந்தது அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், சாப்பாட்டுப் பையின் வாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடியே வந்திருக்கிறேன். அந்தக் கைகளால் வேறு என்ன செய்திருக்கலாம் என்று யோசித்தால் ஒன்றும் தோன்றவில்லை.

உயரம் ஐந்தடி ஓரங்குலம். பள்ளியில் கோகோ ஆடியதோடு சரி. வாரத்தில் இரண்டு மாலையும் ஞாயிறு காலையும் ஒதுக்க முடியும். மாதம் ஆயிரம் ரூபாய் வரை செலவு செய்யலாம். எட்டும் தூரத்தில் மூன்று வகுப்புகள் இருக்கின்றன: மண்டபத்து மாடியில் கராத்தே, பள்ளி மைதானத்தில் சிலம்பம், உடற்பயிற்சிக் கூடத்துக்கு மேல்தளத்தில் டேக்வாண்டோ. யூடியூபில் பார்த்தால் ஜியு ஜிட்சு, முவே தாய் தவிர மற்றதெல்லாம் வீண் என்கிறார்கள். அவை இங்கே இல்லை. எதில் சேரட்டும்?

பெண்ணையாற்றுக்கரை | ஞாயிறு, இரவு 10.15

சகோதரி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சிலம்பம். நான் காவேரிப்பட்டணம். பத்து வயதில் கம்பு பிடித்தவன், இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டேன், தோள்பட்டை இன்னும் என் சொல்லைக் கேட்கிறது. நம் மண்ணின் கலை. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சேர்த்திருக்கிறார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. முதலமைச்சர் கோப்பையிலும் உண்டு. நம்முடையதை விட்டுவிட்டு ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் ஏன் போக வேண்டும்?

தக்காளிமண்டி | ஞாயிறு, இரவு 10.40

ஐயா, அந்த அம்மா வேலையில் இருப்பவர், வயது 32. அவருக்கு எதற்கு 3 சதவீதம்? இருட்டில் நடப்பதற்கு வழி கேட்கிறார், நீங்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு வழி சொல்கிறீர்கள்.

என் கதையைக் கேளுங்கள். நான் பாலக்கோடு. பையனை ஆறாம் வகுப்பில் கராத்தேவில் சேர்த்தேன். எந்த வகுப்பு என்று சொல்லமாட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு பட்டைத் தேர்வு, ஒவ்வொரு தேர்வுக்கும் தனிக் கட்டணம். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று வானவில் மாதிரி வந்துகொண்டே இருந்தது. இரண்டரை வருடத்தில் கருப்புப் பட்டை. ஊரெல்லாம் இனிப்புக் கொடுத்தோம். அடுத்த கோடையில் மாந்தோப்பில் பெரியப்பா மகன் விளையாட்டாகத் தள்ளினான். கருப்புப் பட்டைக்காரன் அப்படியே மண்ணில் உட்கார்ந்து என்னைப் பார்த்தான். "ஏண்டா, தடுக்க வேண்டாமா?" என்றேன். "அண்ணன் சொல்லாமல் தள்ளிவிட்டார்ப்பா" என்றான்.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டரை வருடத்தில் ஒருவர்கூட அவனைச் சொல்லாமல் தள்ளியதில்லை.

ஒக்கினாவா | திங்கள், காலை 6.20

தக்காளிமண்டி அண்ணன் எழுதியது எனக்கு வலிக்கிறது, ஆனால் பொய்யில்லை. நான் பதினெட்டு வருடமாகக் கராத்தே செய்கிறேன், கிருஷ்ணகிரியில் கொஞ்சம் பிள்ளைகளுக்குச் சொல்லியும் தருகிறேன். கடை போடுகிறவர்கள் எங்களில் நிறைய. ஆனால் அது கலையின் குற்றமாகாது.

இப்போது ஜப்பானைச் சேர்ந்த ஒக்கினாவா தீவில் இட்டோசு என்ற ஆசான் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி எளிமையாக்கிய வரிசைகள்தான் இன்றும் பல பிரிவுகளில் தொடக்கப் பாடம். அவருடைய மாணவர் ஃபுனகோஷி 1922-ல் தோக்கியோவில் செய்துகாட்டியதிலிருந்து ஜப்பான் முழுக்கப் பரவியது. பிள்ளைகளுக்கு உடலும் ஒழுங்கும் வர வேண்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. மாடியில் அறுபது பிள்ளைகள் வரிசையாக நின்று காற்றில் குத்துகிறார்களே, அதன் வேர் அங்கே இருக்கிறது. அதைக் "கட்டா" என்போம். எதிராளியோடு மோதுவது "குமிட்டே". கட்டா மட்டும் நடக்கும் வகுப்பு இலக்கணம் மட்டும் படிப்பிக்கும் வகுப்பு. வாய் திறந்து பேசச் சொன்னால் திக்கும்.

அதனால் சகோதரி, கராத்தே வகுப்புக்குப் போனால் ஒரே கேள்வி கேளுங்கள்: பெரியவர்களுக்குக் குமிட்டே எந்தக் கிழமை? கிழமை சொன்னால் அன்றைக்குப் போய்ப் பாருங்கள். "அதற்கெல்லாம் இன்னும் காலம் இருக்கிறது" என்றால் செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒலிம்பிக்கில் இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். தோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே இருந்தது, பாரிஸில் இல்லை. எங்கள் கையும் காலும் அப்படியேதான் இருக்கின்றன.

முட்டிவலி | திங்கள், காலை 9.05

டேக்வாண்டோ பற்றி நான் சொல்கிறேன். கல்லூரியில் மாவட்ட அளவில் ஆடினேன். இப்போது மாடிப்படி ஏறினால் முழங்காலில் கடுக்கு என்று சத்தம் வரும்.

அழகான விளையாட்டு. 2000 சிட்னியிலிருந்து ஒலிம்பிக் பதக்கப் போட்டி. டான் (கருப்புப் பட்டை நிலை) சான்றிதழ் சியோலில் உள்ள டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவோனிலிருந்து வருகிறது, அதனால் பட்டை விவகாரத்தில் ஓரளவு கணக்கு வழக்கு உண்டு. ஆனால் எல்லாமே கால். தலைக்கு உதைத்தால் புள்ளி அதிகம் என்பதால் பயிற்சி முழுக்கக் காலை உயர்த்துவதிலேயே போகும். ஒற்றைக் காலில் நின்று இடுப்பைச் சுழற்றும்போது, ஊன்றிய பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு முட்டி மட்டும் திரும்பினால் முடிந்தது கதை. எனக்கு அப்படித்தான் தசைநார் போயிற்று. 32-ல் தொடங்கக் கூடாது என்று சொல்லவில்லை. முதல் ஆறு மாதம் இடுப்புக்குமேல் காலைத் தூக்காதீர்கள் என்கிறேன். இதை எந்த மாஸ்டரும் சொல்ல மாட்டார், ஏனென்றால் இடுப்புக்குக் கீழே உதைத்தால் புள்ளி இல்லை.

இன்னொன்று. சுடிதாரும் தோள்பையுமாக, குண்டும் குழியுமான சாலையில் நின்று தலைக்கு உதைப்பதை ஒருமுறை மனக்கண்ணில் பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

ஓசூர்ப்பனி | திங்கள், மதியம் 1.30

பெண்கள் யாராவது பதில் எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். வரவில்லை, நானே எழுதுகிறேன்.

நான் ஓசூரில் வேலை செய்கிறேன், வயது 36. நான்கு வருடமாகக் குத்துச்சண்டை. போட்டிக்குப் போனதில்லை, போகவும் மாட்டேன். முதல் மாதம் கயிறு தாண்டுவதும் கால் மாற்றுவதும் மட்டும். இரண்டாவது மாதம் கையுறை மாட்டிவிட்டு ஒரு கல்லூரிப் பெண்ணை எதிரே நிறுத்தினார்கள். அவள் இடது கையால் மூக்கில் லேசாக ஒன்று வைத்தாள். வலிக்கவில்லை. கோபமும் வரவில்லை. வெட்கமாக இருந்தது. நடுத்தெருவில் முந்தானை விலகியது மாதிரி. கண்ணை மூடிக்கொண்டேன், மூச்சை அடக்கிக்கொண்டேன், "ஸாரி" என்று சொன்னேன். அடி வாங்கியவள் நான், மன்னிப்புக் கேட்டவளும் நான்!

பதினைந்து இருபது முறை அப்படி வாங்கிய பிறகுதான் கண் திறந்தே இருக்கப் பழகியது. நான் கற்றதில் பெரியது அதுதான். குத்துவது அப்புறம் வந்தது. கடைசிபஸ், உங்கள் கைகள் பைவாரைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உத்தி தெரியாதது இல்லை. உடல் உறைந்துவிட்டது. அந்த உறைவை உடைக்க இன்னொருவரின் கை உங்கள்மேல் பட வேண்டும், அதுவும் அடிக்கடி. எந்த வகுப்பில் அது நடக்கிறதோ அங்கே சேருங்கள். பெயர்ப் பலகையில் எந்த நாட்டுக் கொடி இருந்தால் என்ன?

பெண்கள் இருக்கிறார்களா, உடை மாற்ற இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆண்கள் இதை எழுத மறந்துவிடுவார்கள்.

பெண்ணையாற்றுக்கரை | திங்கள், மதியம் 2.10

அப்படியானால் சிலம்பத்தில் அடி படாது என்கிறீர்களா அம்மா? விரல் முட்டியில் பிரம்பு விழுந்திருக்கிறதா உங்களுக்கு?

ஓசூர்ப்பனி | திங்கள், மதியம் 2.25

இல்லை ஐயா. ஆனால் நான் பார்த்த சிலம்பம் எல்லாம் மேடையில்தான். ஒரு பெண் இரண்டு கையிலும் இரண்டு கம்பு சுற்றுகிறாள், நுனியில் தீ, பின்னணியில் பாட்டு, எல்லோரும் கைதட்டுகிறார்கள். எதிரில் யாருமே இல்லை. கடைசிபஸ் இரவு பத்து மணிக்குக் கம்போடு பஸ்ஸில் ஏறப் போகிறாரா என்ன?

பெண்ணையாற்றுக்கரை | திங்கள், இரவு 8.40

வேலைமுடிந்து வந்து நிதானமாக எழுதுகிறேன். மதியம் கோபத்தில் எழுதியதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்தது அலங்கார வீச்சு. திருவிழாவுக்கும் மேடைக்கும் உரியது. அதை மட்டும் சொல்லித்தரும் வகுப்புகள் பெருகிவிட்டன என்பது உண்மை. சான்றிதழுக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோரும் பெருகிவிட்டார்கள். எங்கள் வாத்தியார் இருந்திருந்தால் அந்தக் கம்பை வாங்கி அடுப்பில் வைத்திருப்பார்.

நாங்கள் கற்ற முறை வேறு. முதலில் கம்பே கிடையாது. காலடி மட்டும். எங்கே மிதிப்பது, எப்படி ஒதுங்குவது, எதிராளியின் கைக்கு எட்டாத தூரம் எது, எட்டும் தூரம் எது. தரையில் குறி போட்டு மாதக்கணக்கில் மிதிக்க வைப்பார். அதற்கப்புறம் கம்பு வரும், நம் நெற்றி உயரத்துக்கு. பிறகு தொடுமுறை: எதிரில் ஆள் நின்று, கம்பு உடம்பில் பட்டால் புள்ளி. கம்பு இல்லாதபோது என்ன செய்வது என்பதற்குக் குத்துவரிசை இருக்கிறது, அதுவும் அதே காலடியில்தான் நடக்கும். நீளக் கம்போடு பழகியவனுக்குக் குடையும் கம்புதான், கைப்பையும் கம்புதான். தூரம் தெரிந்துவிட்டதல்லவா?

ஆனால் அம்மா சொன்னது சரி. எதிரில் ஆள் நிற்காத சிலம்பத்தை நானும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

உருண்டுபுரண்டு | திங்கள், இரவு 10.00

ஜூடோவை ஒருவரும் நினைக்கவில்லை. சேலத்தில் படித்தபோது மூன்று வருடம் செய்தேன். கானோ ஜிகோரோ 1882-ல் தொடங்கியது. தம்மைவிடப் பெரிய ஆட்களிடம் அடிபட்ட சிறுவன்தான் பிறகு அந்தக் கலையை உண்டாக்கினான். முதல் வாரம் முழுக்க விழுவதற்குப் பயிற்சி: தாடையை மார்போடு சேர்த்து, கையால் பாயை அறைந்து, முதுகு உருண்டு விழ வேண்டும். மூன்று வருடத்தில் நான் யாரையும் தெருவில் தூக்கிப் போட்டதில்லை. ஆனால் தொப்பூர் கணவாயில் மழையில் பைக் வழுக்கி விழுந்தபோது தலை தரையில் படவில்லை. தாடை தானாக மார்பில் ஒட்டிக்கொண்டது. (தலைக்கவசமும் இருந்தது. இரண்டுமே வேண்டும்.)

பாய் இல்லாமல் ஜூடோ முடியாது. இங்கே வகுப்பு கிடைக்காவிட்டால் விடுங்கள், எந்த வகுப்பில் சேர்ந்தாலும் விழக் கற்றுத்தரச் சொல்லிக் கேளுங்கள்.

ஓய்வுபெற்றதமிழ் | செவ்வாய், காலை 5.45

முப்பத்தைந்து ஆண்டு இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் தமிழ் நடத்தினேன். சண்டை தெரியாது. ஆனால் தகடூரில் (தருமபுரியின் பழைய பெயர்) இருந்துகொண்டு இந்தப் பேச்சில் அதியமானை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அவனுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போகிறாள். தொண்டைமான் தன் ஆயுதச்சாலையைப் பெருமையோடு காட்டுகிறான். ஔவை பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: இங்கே ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலோடு அழகாக இருக்கின்றன, அங்கே அவனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து எப்போதும் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. வகுப்பில் பிள்ளைகள் இதற்கு எப்போதும் சிரிப்பார்கள்; கடைசிப் பெஞ்சுக்காரனுக்கும் இது புரியும்.

அம்மா, நீங்கள் வகுப்பைப் பார்க்கப் போகும்போது கண்ணாடி அலமாரியில் உள்ள கோப்பைகளைப் பார்க்காதீர்கள். மூலையில் கிடக்கும் பயிற்சிப் பொருள்களைப் பாருங்கள். உறை கிழிந்து ஒட்டுப் போட்டிருக்கிறதா, கம்பின் நுனி சிதைந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் புதுக்கருக்குக் கலையாமல் இருந்தால் அது தொண்டைமான் வீடு.

தக்காளிமண்டி | செவ்வாய், காலை 7.10

ஐயா, என் பையனின் கருப்புப் பட்டை இப்போது கண்ணாடிச் சட்டத்துக்குள் மாலையோடுதான் இருக்கிறது. நெய் மட்டும் பூசவில்லை.

குமாஸ்தா | செவ்வாய், இரவு 9.20

வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. இரண்டே விஷயம்.

திருப்பி அடித்தால் நம்மேலேயே வழக்கு வருமா என்று பெண்கள் பயப்படுகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106. தற்காப்புக்காகச் செய்தது குற்றமாகாது. ஆனால் தேவைக்கு மேல் அடிக்க உரிமை இல்லை. ஓடிவிட்டவனைத் துரத்திப் போய் அடித்தால் அது தற்காப்புக் கணக்கில் வராது.

இரண்டாவது, அந்தப் பத்து நிமிட வழியில் தெருவிளக்கு இருக்கிறதா? இல்லையென்றால் ஊராட்சிக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணும் கைபேசியில் இருக்கட்டும். கலை கைக்கு வர வருடங்கள் ஆகும், நீங்கள் நாளைக்கும் அதே வழியில்தான் நடக்க வேண்டும்.

கடைசிபஸ் | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, மதியம் 12.15

எல்லோருக்கும் நன்றி. மூன்றையும் போய்ப் பார்த்துவிட்டேன்.

கராத்தே மாடியில் எண்ணிப் பார்த்தேன், 54 பிள்ளைகள், ஒரு மாஸ்டர். குமிட்டே எந்தக் கிழமை என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "முதலில் சீருடை வாங்குங்கள் மேடம்" என்றார். கடைசி வரிசையில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளோடு நிற்கச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் யாரும் யாரையும் தொடவில்லை. ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி உண்டாம். ஒக்கினாவா அண்ணா சொன்னபடி செருப்பைப் போட்டுக்கொண்டேன். உங்கள் வகுப்பு கிருஷ்ணகிரியில் இல்லாமல் இங்கே இருந்திருந்தால் ஒருவேளை சேர்ந்திருப்பேன்.

டேக்வாண்டோ மாஸ்டர் நல்ல மனிதர். ஒருவரையொருவர் உதைக்கிறார்கள், மார்புக் கவசமெல்லாம் ஒட்டுப் போட்டது. தமிழ் ஐயா மகிழ்வார். ஆனால் எல்லோரும் பதினெட்டுக்குக் கீழே. காலைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன், இரண்டு நாள் அலுவலக நாற்காலியில் சாய்ந்து உட்கார முடியவில்லை.

சிலம்பம் ஞாயிறு காலை ஆறு மணிக்கு. வாத்தியாருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். பெரியவர்கள் ஆறு பேர், அதில் இரண்டு பெண்கள், ஒருவர் செவிலியர். எனக்குக் கம்பு தரவில்லை. ஒரு மணி நேரம் காலடி. இடது, வலது, பின்னே, திரும்பு. கோகோ ஆடிய கால்கள் எங்கேயோ கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன போலும், "பரவாயில்லை" என்றார். கடைசிப் பத்து நிமிடம் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைக் கூப்பிட்டு, "அக்காவைத் தொடு" என்றார். அவளிடம் கம்பு, என்னிடம் வெறும் கால். அவள் தொடாமல் நான் ஒதுங்க வேண்டும். பதினொரு முறை தோளில் தொட்டாள். முதல் நான்கு முறை ஓசூர் அக்கா சொன்ன அதே வேலையைச் செய்தேன்: கண்ணை மூடிக்கொண்டேன். எட்டாவது முறை கம்பு வருவது தெரிந்தது, கால்தான் நகரவில்லை. பன்னிரண்டாவது முறை அவள் தவறவிட்டாள். நான் ஒதுங்கினேனா, பாவம் என்று விட்டுக்கொடுத்தாளா, தெரியவில்லை. மைதானமே கேட்கும்படி சிரித்துவிட்டேன்.

சேர்ந்துவிட்டேன். மாதம் 500 ரூபாய். காலடி பிடிபட்டதும் குத்துவரிசையும் உண்டாம்.

தெருவிளக்குக்கு மனுக் கொடுத்தாயிற்று, கையெழுத்தும் வாங்கியாயிற்று. விளக்கு வரவில்லை.

பெண்ணையாற்றுக்கரை | ஞாயிறு, மதியம் 12.40

அந்த வாத்தியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் சகோதரி. முதல் நாளே கம்பைக் கையில் கொடுக்காதவர் என்றால் போதும்.

ஓசூர்ப்பனி | ஞாயிறு, மதியம் 1.05

எனக்குக் குத்துச்சண்டைதான் என்ற எண்ணம் மாறவில்லை. ஆனால் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று அடுத்த வாரம் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

முட்டிவலி | ஞாயிறு, மதியம் 1.20

தொடங்கும் முன் கணுக்காலையும் மணிக்கட்டையும் சுழற்றிவிட்டுத் தொடங்குங்கள். கம்பு வந்ததும் முதலில் வலிப்பது மணிக்கட்டுதான்.

கடைசிபஸ் | ஞாயிறு, மாலை 6.30

சரி முட்டிவலி அண்ணா. இன்னொரு சந்தேகம். வீட்டில் பழக வாத்தியார் ஒரு பழைய கம்பு தருவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் டவுன் பஸ்ஸில் எடுத்துப் போக வேண்டும். நடத்துனர் ஏற்றுவாரா? தனி டிக்கெட் கேட்பாரா?

தக்காளிமண்டி | ஞாயிறு, மாலை 6.45

டவுன் பஸ்ஸில் உங்களுக்கே கட்டணம் இல்லை, கம்புக்கு என்ன கேட்கப் போகிறார்? ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உள்ள கம்பியோடு சேர்த்து நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள். படுக்கப் போட்டால் தக்காளிக் கூடைக்காரர்களோடு சண்டை வரும், அது உங்கள் பாடத்தில் இன்னும் வரவில்லை.